கேட்பவரின் நாற்காலி

ஐந்து ஆண்டுகளில் திர்சாவுக்கு ஐந்து எண்கள் வந்திருந்தன. 0.4, 0.3, 0.4, 0.6, 0.2. எல்லாம் பத்துக்கு.

துறைமுக இசைக்குழு ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாக எழுதும் ஒருவருடைய படைப்பை மேடையேற்றும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கென்று நகரத்தில் மிஞ்சியிருந்த ஒரே முழுக் குழு அது. திர்சா எழுதியதைக் கணினி எப்போது வேண்டுமானாலும் வாசிக்கும். ஆனால் கணினிக்கு மூச்சு வாங்காது, வில் பிடித்த கை வலிக்காது. மனிதர்கள் வாசித்து ஒரே ஒருமுறை கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவளுக்கு வரும் மார்கழியில் முப்பத்தைந்து முடிகிறது.

பெரம்பூரில் அண்ணி ரூபியோடு இருந்தாள். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். ரூபி நர்ஸ். திர்சா காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஜெபம் செய்வாள், காபி போடுவாள், எழுத உட்காருவாள். பத்து மணிக்குள் நான்கு வரிகள் எழுதி மூன்றை அழிப்பாள். பிறகு மற்றவர்களுடைய இசைத்தாள்களைச் சரிபார்க்கும் வேலை. வயலின்காரர் பக்கம் திருப்ப ஒரு கை வேண்டும். அந்தக் கை சும்மா இருக்கும் இடத்தில்தான் பக்கம் முடிய வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருடைய கைக்காக அவள் அரை நாள் உட்கார்ந்து வரிகளை நகர்த்துவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்கன் வாசிப்பாள். ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர், "நீங்க இசையமைப்பாளராமே, எந்தப் படம்?" என்று கேட்பார். "படம் இல்லைங்க" என்பாள். "பரவால்ல, கெடைக்கும்" என்று அவர் தேற்றிவிட்டுப் போவார்.

முதல் எண் வந்தபோது அழுதாள். இரண்டாவதுக்குக் கோபம் வந்தது. ஐந்தாவது வந்தபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு மிச்சப் பூண்டையும் உரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று சப்தமில்லாமல் நின்றுபோனது. எழுதுவது நிற்கவில்லை. ஊசி போட்ட ஈறோடு சாப்பிடுவதுபோல எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆறாவதாக அனுப்பியதன் பெயர் 'நங்கூரம்'. இருபத்தொரு கருவிகள், பதினோரு நிமிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தரமணியிலிருந்து தொலைபேசி வந்தது. போட்டிக்கு வரும் படைப்புகளுக்கு எண் போடும் கேட்பு மையத்தின் மேற்பார்வையாளர், பெயர் பரந்தாமன் என்றார்.

"மேடம், முதல் சுத்து ரிசல்ட். ஒன்பது புள்ளி எட்டு."

"சைபர் புள்ளி எட்டா?"

"ஒன்பது, மேடம். இந்த ஒன்பது வருஷத்துல இப்படி ஒரு நம்பர் வந்ததே இல்ல. கடைசி ஏழு பேர்ல இருக்கீங்க. வெள்ளிக்கிழமை ரெண்டாவது சுத்து, வரிசையில நீங்க மூணாவது. அதுக்குள்ள உங்க இசைக்கோப்பு மறுபடி அனுப்பணும். அதையே அனுப்பலாம், திருத்தியும் அனுப்பலாம். இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்."

"சரிங்க" என்றாள் திர்சா. மகிழ்ச்சி வருவதற்காகச் சற்று நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை.

ரூபிதான் வீட்டைத் தலைகீழாக்கினாள். "ஒன்பது புள்ளி எட்டு! இதைச் சொல்ற மூஞ்சியா இது? பால்காரன் வரலங்கிற மாதிரி சொல்ற. போடு, நான் கேக்கணும்."

"உங்களுக்குப் பிடிக்காது, அண்ணி. போன தடவை எலி பீரோவுக்குள்ள மாட்டின மாதிரி இருக்குன்னீங்க."

"எலிக்கு ஒன்பது புள்ளி எட்டு குடுத்திருக்காங்கல்ல? போடு."

அனுப்பிய கோப்பையே எடுத்து ஓடவிட்டாள். ரூபி கண்களை மூடி, சபையில் உட்காருவதுபோல் கைகளைக் கோத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று.

"ஏய், ஸ்பீக்கர் செத்துப்போச்சா?"

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. திர்சா திரையைப் பார்த்தாள். கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் 'ணிங்' என்று ஒரே ஒரு சின்ன ஒலி. பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. 'நங்கூர'த்தில் ஒரு முக்கோணக் கம்பி உண்டு. அதை வைத்திருப்பவர் ஒன்பது நிமிடம் சும்மா நின்று, ஒரே ஒருமுறை தட்டிவிட்டு, மறுபடி சும்மா நிற்பார். அந்த ஓர் ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மற்ற இருபது கருவிகளின் ஒலியையும் கணினியில் அடைத்துவிட்டுத் தனியாகக் கேட்டிருந்தாள். அடைத்ததைத் திறக்க மறந்து, அப்படியே கோப்பாக்கி அனுப்பிவிட்டாள். இசை எழுதுகிறவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்கிற முட்டாள்தனம்.

"அப்ப ஒண்ணுமே இல்லாததுக்கா ஒன்பது புள்ளி எட்டு?" என்றாள் ரூபி.

"ஆமா."

"ஐயோ பாவி. அஞ்சு வருஷமா வீணா எழுதிட்டிருந்தியே." சொல்லிவிட்டு ரூபி தானே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். ரூபி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திர்சா அவள் சிரிப்பதைப் பார்த்து, மரியாதைக்குச் சிரித்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"போய்ச் சொல்லணும்."

"யாருக்கும் தெரியாதே?"

"எனக்குத் தெரியுமே, அண்ணி."

மறுநாள் தரமணிக்குப் போனாள். பரந்தாமன் ஐம்பது வயதுக்காரர்; சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நீங்க யாரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவே இல்லையா, சார்?" என்று கேட்டாள்.

"பார்க்கக் கூடாது, மேடம். அதுதான் விதி. முன்னாடி ஒரு குழு உட்கார்ந்து கேட்டு முடிவு பண்ணிட்டு இருந்தாங்க. அவர் சிஷ்யன், இவர் சம்பந்தின்னு ஒரே சண்டை. அப்புறம் மெஷினைக் கேக்க வச்சாங்க. அது ஏற்கெனவே கேட்டதைத்தான் நல்லாருக்குன்னுச்சு. புதுசா ஒண்ணைக்கூட எடுக்கல. அதனாலதான் ஒரு உடம்பு. உயிரோட இருக்கிற ஒரு ஆளோட தோல், மூச்சு, இதயம், மூளை. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாதுன்னாங்க. நாப்பதாயிரம் பேரைச் சோதிச்சு ஒருத்தரை எடுத்தோம். நாட்டுல எந்தப் போட்டி, எந்தக் கம்பெனி விளம்பரம், எந்தப் பாட்டுன்னாலும் அவங்க காது வழியாத்தான் போகணும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்."

"ஒன்பது வருஷமாவா?"

"ஒன்பது வருஷமா."

அவர் மேசையில் ஒரு பேனாவை எடுத்து வைத்தார்; அதை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார்.

"கோப்புல சத்தம் இருந்தே ஆகணும்னு விதியில எங்கயும் எழுதல. நீங்க அனுப்பினது செல்லும். நீங்க தப்பு எதுவும் பண்ணல. உங்க மனசுக்கு அது போதும்னா இப்படியே வீட்டுக்குப் போகலாம்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்குச் சாப்பாட்டு ரூம்ல ஒரு அம்மா தனியா உக்காந்திருப்பாங்க. போட்டியாளர் அவங்களைப் பார்க்கக் கூடாது. நான் உங்களைப் பார்க்கச் சொல்லல. தண்ணி அங்கதான் இருக்கு, குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்றேன்."

சாப்பாட்டு அறையில் சன்னலோரம் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்தலையில் மயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உணர்கருவிகளை ஒட்டிப் பிடுங்கிய வட்டத் தழும்புகள் தெரிந்தன. மற்றபடி கோவிலுக்குப் புறப்பட்டவள்போலத் துப்புரவாக இருந்தாள்.

"உக்காரு தாயி" என்றாள். "பரந்தாமன் அனுப்புனாரா? அவருக்கு மனசு கேக்காது. நான் செண்பகவல்லி. கோயில்பட்டி."

"நான் திர்சா. எழுதுறவ."

"எழுதுத பிள்ளையா!" ஊறுகாய்க் கிண்ணத்தை நகர்த்திவிட்டு இடம் விட்டாள். "ஒங்கள மாதிரிப் பிள்ளைகளுக்கு மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிடுவேன். நம்பராத்தான் வருவீக. நீ நல்லாத்தான் இருக்க. கொஞ்சம் சாப்பிடணும்."

"உங்களை எப்படி இதுக்கு எடுத்தாங்க, அம்மா?"

"நான் தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தவ. தெருவுல மேளம் போனா அழுவேன். ஐஸ் வண்டி மணிக்கும் அழுவேன். என்னைய எல்லாரும் கேலி பண்ணுவாக. ஒரு நா வந்து தலையில மாட்டிப் பாத்தாக. இதுதான் வேணும்னு கூட்டிக்கிட்டு வந்துட்டாக."

"இப்ப?"

செண்பகவல்லி சாதத்தைப் பிசைந்தாள். "இப்ப ஒண்ணும் இல்ல தாயி. ஆறு வருஷமா இல்ல. வயலின் போடுவாக, மழை பெஞ்ச மாதிரி இருக்கும். மழை பெஞ்சா பெய்யுதுங்கோம், அம்புட்டுத்தான்."

"அப்ப நம்பர் எப்படி வருது?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு, திருடியதைச் சொல்கிற பிள்ளையின் குரலில் சொன்னாள்.

"ஒரு நெனப்பு வச்சிருக்கேன். என் மக கல்யாணம் ஆகி மஸ்கட்டுக்குப் போறப்ப, பஸ்ஸு சன்னல்ல கைய நீட்டுனா. நான் எட்டிப் பிடிக்கதுக்குள்ள வண்டி எடுத்துட்டான். அத நெனச்சா ஒடம்பு தானா அழும். மெசினு எழுதிக்கிடும். ஆனா எல்லாத்துக்கும் நெனைக்க முடியுமா? ஒருத்தருக்கே நெனச்சா அநியாயம். எல்லாப் பிள்ளைகளும் பாடுபட்டுத்தான் எழுதுது. அதனால முறை வச்சேன். எங்க தெருவுல குழாத் தண்ணிக்கு முறை வைப்போம்ல, அது மாதிரி. நாலுக்கு ஒண்ணு. நாலாவதா வாரவுகளுக்கு அழுவேன்."

திர்சா தன் ஐந்து எண்களை நினைத்தாள். முதல் படைப்பில் செல்லோவுக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்கு மூன்று வாரம் ஆனது. அது நாலாவதாகப் போகவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு அது வறட்டு வரி என்று முடிவு செய்து அப்படி எழுதுவதையே விட்டுவிட்டாள். கோபம் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த இடம் காலியாக இருந்தது.

"தப்புத்தான்" என்றாள் செண்பகவல்லி, அவள் முகத்தைப் பார்த்து.

"முடியலேன்னு சொல்லிட்டுப் போயிரலாமே, அம்மா?"

"போனா அடுத்து யாருன்னு முடிவு பண்ணிட்டாக. பத்தொம்பது வயசுப் பிள்ளை. தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு நா இங்க கூட்டிட்டு வந்தாக. லிஃப்ட்டு மணி அடிச்சதுக்குக் கண்ணு கலங்கிருச்சு அதுக்கு. அதக் கொண்டாந்து இந்த நாக்காலியில உக்கார வைக்கணுமா? நான் உக்காந்திருக்க மட்டும் அது வெளிய இருக்கும்லா."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, "போன வாரம் ஒண்ணு வந்துச்சு, தாயி" என்றாள். குரல் மாறியிருந்தது. "யாரோ ஒரு பிள்ளை ஒண்ணுமே போடாம அனுப்பிருந்துச்சு. பதினோரு நிமிசம். மொதல்ல பயந்துட்டேன், காது போச்சோன்னு. அப்புறம் என் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. எத்தன வருசம் ஆச்சு! வீட்டுக்குப் போனாலும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு மணி நேரம் சேந்தாப்புல தூங்குனது கெடையாது. அன்னைக்கு எந்த நெனப்பும் வைக்காம அழுதேன். ஊடால மெதுவா மணி ஒண்ணு அடிச்சாக. 'நான் இங்கதான் இருக்கேன், நீ இரு'ன்னு சொன்ன மாதிரி. என் மேல எரக்கப்பட்டு அந்தப் பிள்ளை அனுப்பிருக்கு. பேரு தெரியாது. தெனமும் எங்க ஊரு செண்பகவல்லி அம்மன்கிட்ட அதுக்காக வேண்டிக்கிடுதேன்."

அது இரக்கம் இல்லை, மறதி என்று சொல்லத் திர்சா வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. பொய்யும் சொல்ல முடியவில்லை. "அது நான்தான், அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"வெள்ளிக்கெழம நீ எத்தனாவது?"

"அதைச் சொல்லக் கூடாது."

"கூடாதுன்னு பாத்தா, சோத்தையும் ஊறுகாயையும் வச்சுக்கிட்டு நாம இங்க பேசுததே கூடாதுதான். சொல்லு. நெசமான பாட்ட அனுப்பு. நான் ஒனக்கு அழுதுருதேன். நீ கெலிச்சிருவ." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அந்த நெனப்பும் தேஞ்சு போச்சு, தாயி. முன்ன பஸ்ஸு நெறம், அவ வளையலு எல்லாம் வரும். இப்ப கை மட்டுந்தான் வருது. மொகம் வரமாட்டேங்கு. போன்ல அவ பேசுனாக்கூட யாரோ பேசுத மாதிரி இருக்கு. இன்னும் ஒரு தடவைக்கு வரும்னு நெனக்கேன். அத ஒனக்கே தந்துருதேன்."

திர்சாவின் வரிசை எண் மூன்று. அது நாக்கின் நுனியில் இருந்தது. ஒரு சொல். சொன்னால் மார்கழியில் முழுக் குழுவும் மேடையில் உட்காரும், வில்கள் உயரும், முக்கோணக் கம்பிக்காரர் ஒன்பது நிமிடம் பொறுமையாக நிற்பார். சொல்லாவிட்டால் இனி ஒருபோதும் இல்லை.

"நான் போய்ட்டு வர்றேன், அம்மா" என்று எழுந்தாள்.

வியாழக்கிழமை முழுவதும் 'நங்கூர'த்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு கருவிகளையும் திறந்துவிட்டுக் கேட்டாள். நன்றாக இருப்பதாக மூளை சொன்னது. ரூபி பணிக்குப் புறப்படும் முன் வந்து பக்கத்தில் நின்றாள். திர்சா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"நீ நம்பரைச் சொல்லலைன்னா, சும்மா பாட்டை மட்டும் அனுப்பேன். அதுல என்ன தப்பு?" என்றாள் ரூபி.

"தப்பு இல்ல. அந்தம்மா என்னோடதுன்னு கண்டுபிடிச்சிருவாங்க, அண்ணி. அந்த ஒரு மணிச் சத்தம் அதுலயும் வருதே. கேட்ட உடனே நெனைச்சிருவாங்க."

"மணியை எடுத்திடு."

"எடுத்தா அது என்னுது இல்ல."

ரூபி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "எங்க வார்டுல வலி தெரியாத பேஷன்ட்டுங்க இருக்காங்க. நரம்பு செத்தவங்க. வெந்நீர் கால்ல கொட்டினாலும் தெரியாது. அவங்களுக்கு டாக்டர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். சுடுதான்னு பார்க்காதே, கண்ணால பார்த்து நட." சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

திர்சா முழங்காலிட்டு ஜெபம் செய்தாள். ஆறுதலும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. ஆண்டவர் எல்லா நேரமும் மனதை அசைத்துக்கொண்டிருப்பதில்லை. அசையாத மனதோடும் ஒருவருக்கு ஒரு நன்மை செய்துவிட முடியும் என்பது அவர் மனிதருக்கு வைத்திருக்கிற சலுகை.

எழுந்து வந்து புதிதாக ஒரு கோப்பு தொடங்கினாள். கருவிகள் எதுவும் வைக்கவில்லை, மணியும் வைக்கவில்லை. நீளம் இருபது நிமிடம். விதி அதற்குமேல் அனுமதிக்கவில்லை. இம்முறை எதையும் மறக்காமல் இரண்டுமுறை சரிபார்த்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு எண் வந்தது. 0.0.

அவள் வாங்கியதிலேயே சிறிய எண் அதுதான். திர்சா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா இந்தமுறை அழவில்லையா? கோபித்துக்கொண்டாளா? ஏதாவது ஆகிவிட்டதா? நெஞ்சு வேகமாக அடித்தது. அவளே பரந்தாமனை அழைத்தாள்.

அவர் எடுத்தார். ஆனால் பேச்சு சரியாகக் கேட்கவில்லை.

"சார், கேக்கல. அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"மெல்ல பேசுங்க, மேடம்." அவர் ரகசியம்போலப் பேசினார். "தூங்கிட்டாங்க. உங்களுது ஆரம்பிச்சு நாலாவது நிமிஷம் தலை சாஞ்சுது. தூங்கினா மெஷின் சைபர்தான் போடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி, சார்."

"உங்க வாய்ப்பு போச்சு, மேடம். புரியுதுல்ல?"

"புரியுது. இப்ப முழிச்சிட்டாங்களா?"

"இல்ல. உங்க இருபது நிமிஷம் பத்து ஐம்பதுக்கே முடிஞ்சிடுச்சு. மேலிருந்து ரெண்டு தடவை கேட்டாங்க, நாலாவது கோப்பு ஏன் இன்னும் ஓடலன்னு. ஒயர் பிரச்னை, பார்த்துட்டிருக்கேன்னேன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல முதல் பொய். சாயங்காலம் நானே போய் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். இந்த நாற்காலியைப் பத்தி, அந்த முறையைப் பத்தி, அந்தப் பொண்ணைக் கூப்பிடக் கூடாதுங்கிறதைப் பத்தி. கேப்பாங்களோ மாட்டாங்களோ."

"எழுதுங்க, சார். நானும் கையெழுத்துப் போடுறேன்."

"வாய் லேசாத் திறந்திருக்கு. குழந்தை மாதிரி."

ரூபி அப்போதுதான் பணி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி எறிந்து, "ஏய், நம்பர் வந்துச்சா?" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

திர்சா தொலைபேசியைக் கையால் பொத்தினாள். தரமணி அங்கிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும்.

"சத்தம் போடாதீங்க, அண்ணி" என்றாள், தணிந்த குரலில். "அந்தம்மா தூங்குறாங்க."